காவி ஏறிய அலகுகள்

சங்கிலிமுத்து கறிக்கடையை மூடிவிட்டு மலையேறி வந்தவர். மடத்துத் தலைவி நாச்சியம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தும் அவரிடமே சீடராகச் சேர்ந்தார்.

வாழ்நாளெல்லாம் அறுத்த பாவம் தீர வேண்டுமே! தினமும் காலையில் பாறை மேல் கறித்துண்டுகளைப் பரப்பிப் பருந்துகளுக்குப் படைப்பார். சுற்றுவட்டாரப் பருந்தெல்லாம் வந்து குவியும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு நெஞ்சு ஆறும்.

சில நாளாகப் பருந்துகள் செத்து விழுந்தன.

"பசியில மெலிஞ்சு சாகுதுங்க தாயே. நாளையிலேருந்து ரெண்டு பங்கு போடுறேன்" என்றார் சங்கிலிமுத்து.

மறுநாள் நாச்சியம்மை துணிக்குச் சாயம் ஏற்றும் காவிக் குழம்போடு பாறைக்கு வந்தார். அங்கே சீக்குப் பிடித்த பருந்து ஒன்று சிறகு தொங்க உட்கார்ந்திருந்தது. அதைத் துணி போட்டுப் பிடித்து, அலகு முழுக்கக் காவியைப் பூசிவிட்டார்.

"இப்பப் போடுங்க ஐயா."

கறியைப் பரப்பியதும் பருந்துகள் இறங்கின. சீக்குப் பருந்து ஒரு துண்டைக் கொத்தியது. இன்னொன்று அதைப் பிடுங்கியது. அதனிடமிருந்து மற்றொன்று. அடித்துப் பிடித்துத் தின்று முடித்தபோது பல அலகுகளில் காவி ஏறியிருந்தது. அதில் ஒன்று கறியைக் கவ்விக்கொண்டு எதிர்மலைக்குப் பறந்தது. அங்கே அதன் கூட்டில் குஞ்சுகள் இருந்தன.

சங்கிலிமுத்து கையில் மிச்சமிருந்த கறியைக் கீழே வைத்தார்.

"நான் வச்ச சோறா தாயே இதுங்களைக் கொன்னுச்சு?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இதுங்க எங்க தின்னுச்சு?"

"அதுஅது தனித்தனியா. கெடைச்ச எடத்துல."

"அப்ப ஒண்ணுக்குச் சீக்கு வந்தா?"

"அது மட்டும் விழும்" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாச்சியம்மை சீக்குப் பருந்தைத் தனியாகக் கூடையில் கவிழ்த்து வைத்தார். மிச்சக் கறியைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்.

"நாளைக்கும் இங்க வந்து காத்துக் கெடக்குமே தாயே!"

"கெடக்கும். அப்புறம் எரை தேடிப் போயிரும்."

சங்கிலிமுத்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் பாவத்தை நான் எங்க கொண்டுபோய் எறக்குவேன்? என்னால சுமக்க முடியலயே!"

"சுமங்க. இத்தனை நாளும் அதைப் பருந்துங்க சுமந்துச்சு" என்றார் நாச்சியம்மை.