நாற்பத்தொரு ஆணி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டை விற்கும் ஓய்வுபெற்ற அதிகாரி சபாநாயகம், வேலைக்காரி பேச்சியம்மாள், வீடு பார்க்க வந்த கணவன், மனைவி.

அந்தத் தெருவில் இன்னும் ஆறு வீடுகள் விற்பனைக்கு இருந்தன. வந்தவர்களெல்லாம் கூடம் சின்னது என்று திரும்பினார்கள். "சுவரை இடிக்காம கூடத்தைப் பெரிசாக்கு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுக் காலையில் வெளியே போன சபாநாயகம், இவர்களோடுதான் உள்ளே வந்தார். வந்ததும் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய கூடம்! நம்ம காலண்டரை அந்த ஆணியில மாட்டலாங்க" என்றாள் மனைவி. கணவன் அங்கேயே முன்பணம் கொடுத்தான்.

அவர்கள் போனதும் சபாநாயகம் கத்தினார். "என் படமெல்லாம் எங்கே?"

"பரண்ல ஐயா. கூடத்தைப் பெரிசாக்க உங்களைத்தான் கழட்ட வேண்டியிருந்தது."

பொன்னாடையோடு அவர் நின்ற படங்கள் நாற்பத்தொன்று. பிடுங்கிய ஆணிகள் நாற்பது. சுவரில் மிச்சம் ஒன்று.