தண்ணீரைக் கலக்கிய மருமகள் நாரை

வெள்ளேரியை ஆண்டது ஒரு நாரைக் குடும்பம். ராஜா நாரையின் பெயர் வெண்கொற்றர். அவருடைய அப்பா பெயர் வெண்கொற்றர், தாத்தா பெயர் வெண்கொற்றர், அதற்கு முன்னால் இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் அதே பெயர்தான். பெயரை மாற்றினால் முறை கெட்டுப்போய்விடுமாம்!

அந்த ஏரியில் முறை என்றால் கல்லோடர், கல்லோடர் என்றால் முறை. கல்லோடர் ஓர் ஆமை. ராஜா குடும்பம் எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு தலையாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மழையில் நனைந்தால் மற்ற பறவைகள் உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொள்ளும். ராஜ நாரைகள் உதறக் கூடாது. சொட்டச் சொட்ட நின்றபடியே காய வேண்டும். பாவம், அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் வருஷம் பூரா ஜலதோஷம்!

ஏரிக்கரையில் தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய வெள்ளைப் பாறை. அதன் மேல் ஒரு மருதமரக் கிளை குடை பிடித்த மாதிரி நீண்டிருக்கும். முன்னோர் நாரைகள் அந்தப் பாறையில்தான் முறைகளை அலகால் கீறி எழுதி வைத்திருந்தார்கள். பாறையின் ஓரத்தில் கல்லோடரின் ஆசனம். அவருடைய அப்பா ஆமையும் அங்கேதான் உட்கார்ந்தார், தாத்தா ஆமையும் அங்கேதான் உட்கார்ந்தார். யாரும் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்ததில்லை.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள் பூவலகி. அவள் வயல்காட்டு நாரை. அவள் பிறந்த இடத்தில் எல்லாரும் கத்திக்கொண்டேதான் எழுந்திருப்பார்கள், கத்திக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டுத்தான் இளவரசன் தூவலன் மயங்கினான். கல்யாணமான மறுநாளே அந்தக் குரலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார் கல்லோடர்.

“அத்தை! இங்க ஓடி வாங்க! எவ்ளோ பெரிய நண்டு பாருங்க!” என்று அன்றைக்குக் காலையில் மாமியாரைக் கூப்பிட்டாள் பூவலகி.

கல்லோடருக்கு மூச்சே நின்றுவிட்டது. “இளவரசியாரே! அத்தை அன்று, மாட்சிமை பொருந்திய மகாராணியார். ஓடி வாங்க அன்று, எழுந்தருளுங்கள். நண்டைப் பற்றிப் பேசுவது முறையே அன்று!”

“ஆமைத் தாத்தா, நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நண்டு போயே போயிடுச்சு!”

“ஆமைத் தாத்தாவும் அன்று. முறைகாவலர்!”

அன்றிலிருந்து பூவலகி வாயை மூடிக்கொண்டாள். ராஜாவுக்குப் பின்னால் ராணி, ராணிக்கு அரை அடி பின்னால் அவள். தலையைக் குனிந்து நிற்க வேண்டும். கால் மரத்துப் போனாலும் மாற்றக் கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. போகட்டும், இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் முட்டை பொரிந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. உருட்டி வைத்த பஞ்சு மாதிரி இருந்தது. கல்லோடர் அதற்கு ஒரு பெயர் வைத்தார் பாருங்கள்! நெடுங்கழுத்து நீள்சிறகு நிலைகுலையா வெண்கொற்றக் குலக்கொழுந்து! அந்தப் பெயரை முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் வாயில் வைத்திருந்த மீன் நழுவி ஓடிவிடும். பூவலகி யாருக்கும் கேட்காமல் “பஞ்சு” என்று கூப்பிட்டாள். குஞ்சும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தது.

நாலாம் நாள் கல்லோடர் தொண்டையைச் செருமினார்.

“ராஜ குஞ்சைத் தாய் வளர்ப்பது முறை அன்று. செவிலிக் கொக்கின் கூட்டில்தான் வளர வேண்டும். தாய் பௌர்ணமிக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம்.”

அதைக் கேட்ட பூவலகி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நேரே மாமனார் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, நீங்க எதைச் சொன்னாலும் கேக்கறேன். ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னா நிக்கறேன். பஞ்சுவை மட்டும் எங்கிட்டயிருந்து பிரிக்காதீங்க மாமா!”

ராணி மாமுகிலி எங்கேயோ பார்த்தபடி, “நானும் பொறுத்துக்கிட்டேன். நீயும் பொறுத்துக்கோ” என்றாள். குரலில் ஈரமே இல்லை. அந்த வீட்டில் ஈரம் எல்லாம் இறகோடு சரி.

ராஜா நல்லவர்தான். ஆனால் கல்லோடர் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. பார்த்தார், யோசித்தார், ஒரு வழி சொன்னார்.

“நாளைக்குக் காலையில் தரிசன நாள். குஞ்சை முதல் முதலாக ஜனங்களுக்குக் காட்டப்போகிறோம். நீ ஒரு குறையும் இல்லாமல் நின்றுவிட்டால், குஞ்சு உன் கூட்டிலேயே இருக்கட்டும். ஒரு சின்ன அசைவு, ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் செவிலிக் கூடுதான்.”

“நிக்கறேன் மாமா! கல்லு மாதிரி நிக்கறேன்!”

தரிசனம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காற்று எழும்பும் முன்னால், ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும் நேரத்தில், ராஜ குடும்பம் பாறை மேல் வந்து நிற்கும். வாத்து, நீர்க்கோழி, தவளை எல்லாம் எதிர்க்கரையில் கூடும். ஆனால் யாரும் ராஜாவை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. தண்ணீரில் விழும் நிழலைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிழல் கலங்கவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் போச்சு, ராஜ்யத்துக்கே களங்கம்! அதனால் ஜனங்களுக்கு ராஜாவின் முகம் தலைகீழாகத்தான் தெரியும். நேராக எப்படி இருப்பார் என்று ஒரு வாத்துக்கும் தெரியாது.

மறுநாள் காலை எல்லாரும் கூடினார்கள். ராஜா நெஞ்சை நிமிர்த்தி எதிர்க்கரைக்கு மேலே வானத்தைப் பார்த்தார். ராணியும் அப்படியே. இளவரசனும் அப்படியே. செவிலிக் கொக்கு பஞ்சுவைப் பாறையின் விளிம்பில் நிறுத்திவிட்டு ஒதுங்கியது. பூவலகி அரை அடி பின்னால், தலையைக் குனிந்தபடி நின்றாள். கல்லோடர் ஆசனத்தில் அமர்ந்து சைகை காட்ட, எல்லாரும் வலது இறக்கையைக் கண்ணளவுக்குத் தூக்கினார்கள். ஒரு முறை. இரண்டு முறை.

“அடடா, குஞ்சைப் பாருடி! என்ன அழகு!” என்றாள் எதிர்க்கரையில் குப்பாயி என்ற நீர்க்கோழி.

“உஷ்!” என்றன வாத்துகள்.

பூவலகிக்கு மனசுக்குள் ஒரே குதூகலம். இன்னும் ஒரே ஒரு முறை இறக்கையைத் தூக்கினால் போதும், பஞ்சு அவளுக்குத்தான்! குனிந்த தலை குனிந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் வானம் தெரிந்தது. மருதமரக் கிளை தெரிந்தது. கிளையில் இலைகள் தெரிந்தன. இலைகளுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

பதுங்கன்! காட்டுப்பூனை! வயிறு கிளையில் உரச, ஓசைப்படாமல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கு நேர் கீழே நின்றது ராணி.

மற்ற எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். எதிர்க்கரைக்காரர்கள் ராஜாவின் நிழலைப் பார்க்கிறார்கள். கிளையை யாருமே பார்க்கவில்லை. பூவலகி மட்டும்தான் பார்த்தாள். கத்தினால் குஞ்சு போய்விடும். கத்தாவிட்டால் மாமியார் போய்விடுவாள். இத்தனை நாளில் அந்த மாமியார் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இருந்தாலும் எப்படி முடியும்? பார்த்துக்கொண்டே எப்படிச் சும்மா இருக்க முடியும்?

“அத்தை! மேல பூனை! நகருங்க அத்தை!”

வயல்காட்டுக் குரல் ஏரி முழுக்க அதிர்ந்தது. பாறை விளிம்புக்குத் தாவி, இறக்கை இரண்டையும் விரித்துத் தண்ணீரில் ஓங்கி அடித்தாள். ராணி திடுக்கிட்டு ஒரு பக்கம் துள்ளினாள். அதே நொடியில் பதுங்கன் பாய்ந்தான். அவன் நகத்தில் ராணியின் வால் இறகு ஒன்றுதான் சிக்கியது. வழுக்குப் பாறையில் சறுக்கி, தொபுக்கடீர் என்று ஏரியில் விழுந்தான்!

ராஜாவின் நிழல் சுக்குநூறாகக் கலைந்தது. எழும்பிய அலை கல்லோடரை ஆசனத்திலிருந்து பெயர்த்துத் தூக்கி, மல்லாக்கப் போட்டது. பதுங்கன் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கரையேறப் பார்த்தான். வாத்துகள் விடுமா? தலையில் ஒரு கொத்து, காதில் ஒரு கொத்து! விட்டால் போதும் என்று காட்டுக்குள் ஓடியே போனான். எதிர்க்கரையில் ஒரே ஆரவாரம். முதல் முறையாக எல்லாரும் நிமிர்ந்து ராஜாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முறை மீறல்!” என்று ஒரு குரல் கேட்டது. மல்லாந்து கிடந்த கல்லோடர்தான். நாலு காலையும் ஆகாயத்தில் ஆட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “மாபெரும் முறை மீறல்!”

“பூனை வந்துச்சே, முறைகாவலரே!” என்று கத்தினாள் குப்பாயி.

“பூனை வந்தது உண்மை. ஆனால் பூனை வந்தால் கத்தலாம் என்று முறையில் எங்கே இருக்கிறது? நிபந்தனை நிபந்தனைதான். செவிலியே, குஞ்சை எடுத்துச் செல்!”

ராஜா பழக்கப்படி கல்லோடர் முகத்தைப் பார்த்தார். செவிலிக் கொக்கு தயங்கித் தயங்கிப் பஞ்சுவிடம் வந்தது. பூவலகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எடுத்துட்டுப் போங்க” என்றாள் தேம்பிக்கொண்டே. “வாக்கு கொடுத்தேன், தவறிட்டேன். ஆனா திரும்பவும் பூனை வந்தா திரும்பவும் கத்துவேன். எம் பஞ்சுவுக்குப் பாட்டி வேணும்ல?”

“நில்லு!”

எல்லாரும் திகைத்துப் போனார்கள். பேசியது ராணி! ஜனங்கள் முன்னால் ராணி பேசி யாருமே கேட்டதில்லை.

“குஞ்சு மேல அலகு படக் கூடாது. என் தூவலனை நாலாம் நாளே எடுத்துட்டுப் போனாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட இந்த இறக்கைக்குள்ள வெச்சுக் கொஞ்சினதில்ல. பொறுத்துக்கிட்டேன், பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லியே கல்லாப் போயிட்டேன். இந்தப் பொண்ணும் கல்லா ஆகணுமா? கல்லா நின்னிருந்தா நான் இப்ப இருப்பேனா?”

அம்மாவின் வாயிலிருந்து அதைக் கேட்ட தூவலன் வானத்தைப் பார்ப்பதை விட்டான். தலையைக் குனிந்தான். அவனும் ஜனங்கள் முன்னால் குனிந்தது அதுதான் முதல் தடவை. கல்லோடர் உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது.

“அப்பா! இங்க எழுத்து இருக்கு!”

மூன்று தலைமுறை ஆமைகள் நகராமல் உட்கார்ந்ததால் அந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை, மழை படவில்லை. கீறல்கள் நேற்று எழுதியது போல இருந்தன. தூவலன் உரக்கப் படித்தான்.

“இளையவள் அரை அடி பின்னால் தலை குனிந்து நிற்க வேண்டும்...”

“அது எனக்கு மனப்பாடம்!” என்றார் மல்லாந்த கல்லோடர்.

“இன்னும் முடியல, கேளுங்க! ...மரக்கிளையில் பூனை வருகிறதா என்று தண்ணீரில் பார்ப்பதற்காக. வந்தால் உரக்கக் கத்த வேண்டும். அதனால் நல்ல குரல் உள்ள பெண்ணையே மருமகளாக எடுக்க வேண்டும்!”

கல்லோடரின் கால்கள் ஆடுவதை நிறுத்தின. அவர் காத்த முறையின் பாதியின் மேல் அவரே இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்!

முதலில் சிரித்தது ராஜாதான். கழுத்தைப் பின்னால் வளைத்துச் சிரித்தார். சிரித்த வேகத்தில் உடம்பைச் சிலிர்த்துப் படபடவென்று இறகை உதறினார். நாற்பது ராஜாக்கள் உதறாமல் விட்ட தண்ணீர் எல்லாம் தெறித்த மாதிரி இருந்தது. வாத்துகள் இறக்கை தட்டின. “ராஜா நேர்ல பாக்க இன்னும் லட்சணமா இருக்கார்டி!” என்றாள் குப்பாயி.

செவிலிக் கொக்கு பஞ்சுவைப் பூவலகி பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டது. குஞ்சு ஓடி வந்து அம்மாவின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. ராணி பக்கத்தில் வந்து நின்று, “எனக்கும் கொஞ்ச நேரம் குடுடி” என்று கேட்டாள். “நெடுங்கழுத்து நீள்சிறகு...” என்று கூப்பிடத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, “பஞ்சு!” என்றாள். குஞ்சு திரும்பிப் பார்த்தது. ராணியின் கண் கலங்கிவிட்டது.

பூவலகி மல்லாந்து கிடந்த கல்லோடரிடம் போனாள். அலகை ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பி, அவரை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

“அடிபட்டுதா, ஆமைத் தாத்தா?”

கல்லோடர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். அந்தப் பாறை எழுத்தை ஒரு தடவை பார்த்தார்.

“இல்லம்மா” என்றார். பிறகு நகர்ந்து போய், எழுத்து இல்லாத இடமாகத் தேடிப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர், அது யாரைக் காப்பாற்ற வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.