இரண்டாவது வரிசையின் உயரம்

"டீச்சர், இந்த ரெண்டாவது வரிசை மட்டும் ஏன் இவ்வளவு உயரம்?"

கேட்டவர் பாக்கியசீலி. வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர்.

டீச்சர் பேச்சியம்மாளுக்கு இருபத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் வெப்சைட் செய்யக் கற்றுத்தருகிறாள். பெயர்தான் பேச்சி. அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழ நல்ல நேரம் பார்க்க வேண்டும்.

திரையில் நாய்கள் இருந்தன. ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்துக்காகச் சீலியம்மா செய்த பக்கம் அது. நாய்க்கு ஓர் அட்டை. அதில் படம், பெயர், குணம். வரிசைக்கு மூன்று அட்டை. பக்கத்தின் அடியில் போன் நம்பர். அது சீலியம்மாவின் நம்பர்தான்.

முதல் வரிசை லட்சணமாக இருந்தது. இரண்டாவது வரிசையில் மூன்று அட்டைகளும், எழுத்து முடிந்த பிறகும் ஒரு சாணுக்கு வெறுமையாக நீண்டு கிடந்தன.

"ஒவ்வொண்ணுக்கும் நாலு வரிதான் இருக்கு. மிச்ச இடத்தப் பாருங்க, எருமை படுக்கலாம். நானே ஒரு உயரத்தக் குடுத்து வெட்டிரட்டுமா?"

"வெட்டாதீங்க."

"ஏன் டீச்சர்?"

பேச்சியம்மாள் திரையை நோக்கிக் குனிந்தாள். டீச்சரின் சுருக்கப் பேச்சு சீலியம்மாவுக்குப் பழக்கம்தான். மேலும், அன்றைக்கு அவர் மனசு வரிசையில் இல்லை.

"வரிசை கெடக்கட்டும். எனக்குச் செவலைய நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது."

காப்பகம் இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். சனிக்கிழமைக்குள் வீடு கிடைக்காத நாய்கள் வேன் ஏறி, கண் காணாத ஊருக்குப் போகும். பக்கம் போட்ட மூன்று வாரத்தில் அதிலிருந்த ஐந்து நாய்களுக்கு வீடு பேசி முடிந்துவிட்டது. செவலை என்ற கிழட்டுப் பெட்டைக்கு மட்டும் ஒரு போன்கூட வரவில்லை. தானே கூட்டிப்போகலாம் என்றால், சீலியம்மாவின் கணவருக்கு ஆஸ்துமா.

"பக்கம் போட்ட மறுநாளே ஒரு குட்டி வந்துச்சு. இன்னும் ஊசி போட்டு முடிக்கல, அதுக்குள்ள நாலு பேரு அடிச்சுக்கிடுதாங்க. இவளக் கேக்க ஒரு நாதியில்ல. காலையில அவகிட்டயே சொல்லிட்டேன் டீச்சர், 'ஒன்ன யாருக்கும் வேண்டாம்டி'ன்னு. அவ என் கைய நக்குதா."

சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பேச்சியம்மாள் திரையையே பார்த்தாள்.

"அந்த வரிசை யாருக்காக இவ்வளவு எடம் விட்டிருக்கு?"

"இந்த மூணு பேருக்குத்தான். வேற யாரு இருக்கா?"

பேச்சியம்மாள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அட்டைகளை இழுத்து நிறுத்தும் 'ஸ்ட்ரெச்' என்ற சொல்லை அழித்துவிட்டு 'ஸ்டார்ட்' என்று அடித்தாள்.

அதுவரை வரிசையின் உயரம் முழுக்க இழுபட்டு நின்ற அட்டைகள், தத்தம் அளவுக்குச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டன.

மூன்றாவது அட்டை குட்டியுடையது. அது சுருங்கியபோது அதன் அடியிலிருந்து சில வரிகள் எட்டிப் பார்த்தன. படமும் இல்லை, பெயரும் இல்லை. வெறும் வால்பகுதி.

'...வயதானாலும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யமாட்டாள். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்வாள். ஒரு மூலை கொடுத்தால் போதும்.'

சீலியம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"இது நான் செவலைக்கு எழுதினதுல்லா?"

மற்ற நாய்களுக்கு நாலு வரி எழுதியவர், செவலைக்கு மட்டும் பதினோரு வரி எழுதியிருந்தார்.

நடந்தது இதுதான். சீலியம்மா ஊரை நம்பினாலும் கம்ப்யூட்டரை நம்பமாட்டார். அட்டைகளை அதுவே அடுக்கும் என்று டீச்சர் சொல்லியும் கேட்காமல், எந்த வரிசை, அதில் எத்தனையாவது இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தன் கையால் நம்பர் போட்டார். குட்டி வந்த அன்று செவலையின் அட்டையை அப்படியே நகலெடுத்து, பெயர், படம், குணம் எல்லாவற்றையும் மாற்றினார். பழைய மனுவை வைத்துப் புது மனு அடித்துப் பழகிய கை அல்லவா! இடத்தின் நம்பரை மாற்ற மட்டும் மறந்துபோனது.

பின்னால் வந்த குட்டி, செவலையின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"நான் அடிச்ச கோடிங்ல இருந்தாளே டீச்சர்! தெனமும் வரி வரியாப் படிச்சேனே!"

"ம்."

"மூணு வாரமா நானே அவள மறைச்சு வச்சுக்கிட்டு, அவகிட்டயே போயி..."

தலையில் அடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு, கீபோர்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

சீலியம்மா செவலைக்குப் போட்டிருந்த நம்பர்களை அழித்தார். புதிதாக எதுவும் போடவில்லை.

அட்டைகளை அடுக்கும் 'கிரிட்' என்ற கட்டம் அவளை மூன்றாவது வரிசையின் முதல் இடத்துக்குத் தானாகவே கூட்டிப்போனது. இரண்டாவது வரிசை, யாரும் வெட்டாமலே உயரம் குறைந்தது.

செவலை முழுசாகத் தெரிந்தாள். முகவாய் நரைத்து, ஒரு காது மடங்கி, போட்டோ எடுப்பவரை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளக்கழிச்சு சனிக்கிழமை. இனி யாரு டீச்சர் கூப்பிடுவாங்க?"

பேச்சியம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பதினோரு வரியையும் படித்தாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

சீலியம்மாவின் பைக்குள் செல்போன் அடித்தது. கண்ணீரில் யாருடைய நம்பர் என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

"வணக்கம், நாய்க் காப்பகம். எந்த நாயப் பத்திக் கேக்கீங்க?"

ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்ற பேச்சியம்மாள், காதில் வைத்திருந்த போனில் சொன்னாள்.

"மூணாவது வரிசையில மொதல்ல இருக்காளே, அவ. இப்பத்தான் பாத்தேன்."