ஓமா என்றால் வீக்கம்

வாத்தியாருக்கு இருபத்தாறு வயது. மாணவிக்கு நாற்பத்தொன்று. மெடிக்கல் கோடிங் வகுப்பில் இதெல்லாம் சகஜம். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து, நோய்க்கு உண்டான எண்ணைப் போடும் வேலை. வேலை வேண்டும் என்றால் வயதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

எல்லாரும் போன பிறகு கோமளா, ரியாஸின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், லிம்ஃபோமா. பிரிச்சுச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா அக்கா?"

"நீங்க சொல்லுங்க."

"லிம்ஃப்னா நிணநீர். ஓமான்னா வீக்கம். கிரேக்கம்."

"கார்சினோமா?"

"முன்னாடி வர்ற கார்சின்னா கிரேக்கத்துல நண்டு. கேன்சர்."

"அப்ப நான் பிரிச்சது சரிதானே? லிம்ஃபோமாவுல நண்டு இல்ல. வெறும் வீக்கம்."

ரியாஸ் பேனாவைக் கீழே வைத்தான். "யார்கிட்ட சொன்னீங்க?"

"என் தம்பிகிட்ட."

சுதாகருக்குக் கழுத்தில் கட்டி. துபாய்க்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ரிப்போர்ட் வந்தது. அக்கா படித்துப் பார்த்து, பயப்படாமல் கிளம்புடா என்றாள். அக்காவே சொன்ன பிறகு டாக்டர் எதற்கு? போய்விட்டான். எட்டு மாதம் கழித்து, காலர் பட்டனைப் போட முடியாத கழுத்தோடு வந்து இறங்கினான். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

ரியாஸ் நோய்களின் எண்கள் அடங்கிய தடிமனான புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"இதுல பாத்தீங்களா? லிம்ஃபோமாவும் கேன்சர்னு போட்டிருக்கும்."

அவள் புத்தகத்தைத் திறக்காமல் ஓரமாக நகர்த்தினாள்.

"வெறும் காய்ச்சல்னு இருந்தாக்கூட புரட்டிப் பாத்துட்டுதானே எண் போடுவீங்க. யாரோ அமெரிக்காக்காரனுக்கு."

"பக்கத்துலயே உக்காந்து என் வாயையே பாத்துட்டிருந்தான் சார். அவன் முன்னாடி புரட்டினா எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு ஆயிடும்."

வார்த்தையைப் பிரிப்பதில் அவள்தான் முதல். வகுப்பு ஆரம்பித்த புதிதில் அவளுக்காக மொத்த வகுப்பையும் கைதட்டச் சொன்னவன் ரியாஸ்தான். இப்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அவள் கையில் ஃபோன் அதிர்ந்தது. சுதாகர் புது ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: 'மெட்டாஸ்டாசிஸ்னு போட்டிருக்கு. இதையும் பிரிச்சுச் சொல்லுக்கா.'

கோமளாவுக்கு அர்த்தம் தெரியும்: நோய் உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது. ஃபோனை ரியாஸிடம் நீட்டினாள்.

"இவனுக்கு என்ன சார் சொல்றது?"

ரியாஸ் அதை வாங்கவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க அக்கா. இதுக்கு அர்த்தத்தை டாக்டர் சொல்லட்டும்."