அடங்கிப்போன நாள்சக்கரம்

ஒரு மருத்துவமனை வாசலில் இருந்த முன்பதிவுத் திரையில் நாள்சக்கரம் ஒன்று குடியிருந்தது. விரலால் உருட்டினால் தேதி மாறும். பெயரை நிரப்பும் பெயர்ப்பெட்டியும், விவரத்தை அனுப்பும் பொத்தானும் ஆயத்தமாகக் கிடைத்தவை. சக்கரத்தை மட்டும் தாமரைக்கண்ணி என்ற நிரலாளர் தன் கைப்பட உருவாக்கியிருந்தாள்.

பொத்தானைத் தொட்டதும் திரை, "அடங்குங்கள்!" என்று அதட்டும். விவரம் போய்ச் சேரும்வரை யாரும் அசையக் கூடாது. பெயர்ப்பெட்டி, பொத்தான் எல்லாரும் சாம்பல் நிறமாகி நிற்பார்கள். சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும்.

"அடங்காப்பிடாரி!" என்று திட்டியது திரை.

சக்கரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னிடம் யார் சொன்னார்கள்? நீ கூப்பிடுவது உன்னோடு ஒப்பந்தம் போட்டவர்களை மட்டும். எனக்கு யாரும் ஒப்பந்தம் தரவில்லையே!"

நியாயமான கேள்விதான். தாமரைக்கண்ணி அந்த ஒப்பந்தத்தைச் சக்கரத்துக்கும் கொடுத்தாள். அதில் இரண்டே கட்டளைகள்: அடங்கு, இயங்கு. எப்படி அடங்குவது, எப்படி இயங்குவது என்பதெல்லாம் அவரவர் பாடு. சொன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சக்கரம் மனதார ஒப்புக்கொண்டது. அவள் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். சக்கரம் கப்சிப்பென்று நின்றது.

"எல்லாம் ஒழுங்கா அடங்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

மறுநாள் மைமூன் வந்தார். அவர் கணவருக்கு டயாலிசிஸ். நாள் தள்ளிப்போனால் மூச்சு முட்டும். வியாழனை உருட்டி வைத்துப் பொத்தானைத் தொட்டார். திரை அதட்டியது, எல்லாரும் அடங்கினார்கள்.

வியாழனன்று இடமில்லை. 'வேறு நாளைத் தேர்ந்தெடுக்கவும்' என்று சிவப்பில் காட்டியது திரை. ஆனால் 'இயங்கு' என்று யாருக்கும் சொல்லவில்லை.

மைமூன் சக்கரத்தை உருட்டினார். அசையவில்லை. அழுத்தித் தேய்த்தார்.

"என்னங்க அநியாயம் இது? நாளை மாத்துன்னும் சொல்லுது, மாத்தவும் விட மாட்டேங்குது!"

"சீக்கிரம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்கல்ல" என்றார் வரிசையில் ஒருவர்.

சக்கரம் கொதித்தது. "'இயங்கு' என்று சொல்லித் தொலையேன்! புதனன்று இடமிருக்கிறது, நான் உருளத் தயார்!"

"அடக்க வேண்டிய நேரத்தைத்தான் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றது திரை. "இடமில்லை என்றால் எழுப்ப வேண்டும் என்று யாரும் எழுதவில்லை."

"கத்தாதே, எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது" என்றது பெயர்ப்பெட்டி.

"உங்களுக்குப் பழகும். அந்த மனுஷனுக்கு மூச்சுத் திணறல் பழகுமா?"

மைமூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையைவிட்டு விலகினார்.

"அடங்காப்பிடாரி என்றாயே, இதோ அடங்கிக் கிடக்கிறேன்" என்றது சக்கரம். "போகிற அந்த அம்மாவுக்கு இப்போது நீ பதில் சொல்!"