தைலம் மணத்த குட்டி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு சாத்தையா ஒரு காலத்தில் லடாக் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர். சீடர் வைத்திலிங்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கருணையைப் பற்றிச் சொற்பொழிவு செய்கிறவர். இவ்வளவு பெரிய மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் குருவுக்கு வாய் வராது. "சார்" என்றுதான் அழைப்பார்.

இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் லடாக்கின் சாங்தாங் மலைமேட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை, ஒரு வீடில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"சாமி, என்கிட்ட இன்னும் என்ன குறை இருக்கு? மறைக்காம சொல்லுங்க!"

"ரோடு மோசமா இருக்கு சார். கெட்டியாப் புடிச்சுக்கங்க."

மூன்று நாளாக அவருக்குக் கிடைத்த பதில் இதுதான்.

அன்று பொழுது சாயும்போது, ஆடு மேய்த்துக்கொண்டே இடம் மாறிப் போகும் ஒரு குடும்பத்தின் கறுப்புக் கூடாரத்தில் தங்கினார்கள். யாங்சோம் என்ற அந்த வீட்டுக்காரி சாத்தையாவை லாரிக் காலத்திலிருந்தே அறிந்தவள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கொடுத்தாள். வைத்திலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். பிறகு நெஞ்சு, முழங்கால், மூக்கு என்று ஓரிடம் பாக்கி வைக்காமல் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஆடுகள் குட்டி போடும் காலம் அது. விடிந்ததும் கல் அடுக்கிய பட்டிக்குள் ஒரு வெள்ளாடு ஈன்றது. யாங்சோம் எட்டிப் பார்த்துவிட்டு, பட்டியின் மறுகோடியில் திணறிக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டிடம் ஓடினாள்.

ஈரக் குட்டி வெடவெடவென்று நடுங்கியது. வைத்திலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. குட்டியைத் தூக்கி மடியில் போட்டுத் தன் துண்டால் துளி ஈரமில்லாமல் துடைத்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சளி பிடித்துவிடுமே என்று அதன் நெஞ்சிலும் நெற்றியிலும் தைலத்தை நன்றாகத் தேய்த்துவிட்டார். சாமி பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

தாய் ஆடு குட்டியை முகர்ந்தது, தும்மியது. பிறகு தலையால் முட்டித் தள்ளிவிட்டு அப்பால் போய் நின்றுகொண்டது.

யாங்சோம் ஓடிவந்து குட்டியை மோந்து பார்த்தாள். இந்தியில் ஏதோ கேட்டாள்.

"என்னங்கறாங்க சாமி?"

"தாய் நக்கி நக்கித்தான் குட்டியோட மணத்தைப் படிக்குமாம். இப்ப இது தன் குட்டின்னே அதுக்குத் தெரியலையாம். மத்தியானத்துக்குள்ள சீம்பால் உள்ள போகலேன்னா, இந்தக் குளிர்ல குட்டி தங்காதுங்கறாங்க. யார் துடைச்சதுன்னு கேக்குறாங்க."

வைத்திலிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கை தானாகவே தைலப் புட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளியது. தன் கை செய்த காரியத்தைப் பார்த்து இன்னும் கூசிப் போனார்.

"நான்தான்" என்றார்.

யாங்சோம் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் தாயின் பாலைக் கறந்து, உப்போடு குழைத்துக் குட்டியின் மேலெல்லாம் பூசினாள். தாயின் கழுத்தை அணைத்துக்கொண்டு தணிந்த குரலில் பாடினாள். ஆடு மெல்ல நெருங்கி வந்தது. குட்டியருகே வந்ததும் தலையைத் தூக்கி மிரண்டு விலகியது. மறுபடி பாடினாள். மறுபடியும் விலகியது.

வைத்திலிங்கம் பட்டிச் சுவரோரம் கைகூப்பி நின்றார். கண்ணீர் தாடையில் வழிந்தது. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் குட்டிக்கென்று நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க! சாமி, நான் என்ன பிராயச்சித்தம் பண்ணணும்? சொல்லுங்க, பொழுதுக்கும் இங்கேயே முழங்கால் போட்டு நிக்கிறேன்."

"இங்க நிக்காதீங்க சார்."

"சாமி?"

"காத்து உங்க பக்கமிருந்து அடிக்குது, தைல வாடையோட. ஆடு குட்டியைப் பாக்கல. உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

வைத்திலிங்கம் கைகளைக் கீழே போட்டார். பட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து, காற்று போகும் பக்கமாகத் தூரத்துச் சரிவில் இறங்கி உட்கார்ந்தார். அங்கே அவர் அழுவதைப் பார்க்க ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் அழுகை சீக்கிரமே நின்றுவிட்டது. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

வெயில் ஏறியது. பாட்டு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. செத்துப் போயிருக்கும் என்றே நினைத்தார்.

சாத்தையா இரண்டு ஹெல்மெட்டுகளோடு இறங்கி வந்தார்.

"குட்டி... சாமி?"

"குடிக்குது. வால் ஆடுது. வாங்க, கிளம்பலாம்."

வைத்திலிங்கம் துள்ளி எழுந்தார். "ஒரே நிமிஷம் சாமி. அந்தம்மா கால்ல விழுந்து ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன். இல்லேன்னா எனக்கு மனசு ஆறாது."

சாத்தையா ஒரு ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தார்.

"ஆடு இப்பத்தான் உங்களை மறந்திருக்கு சார். போய் ஞாபகப்படுத்தணுமா?"