ஆசிட் போட்டுக் கழுவிய கடல்

கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவர்கள் கடைக்குப் போவதில்லை. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் மெஹருன்னிசாவிடம்தான் போவார்கள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு, ஹால் முழுக்க உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீன் விற்பதில்லை, காசு வாங்குவதில்லை, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதும் இல்லை. அதனாலேயே சீடர்கள் சேர்ந்துவிட்டார்கள். தங்களுக்குள் அவரை உப்பு மேடம் என்பார்கள்.

அந்தச் சீடர்களில் மூத்தவர் டைல்ஸ் கடை தில்லைநாயகம். மூத்தவர் என்றால் வயதில் மட்டும். மேடத்துக்கு அண்ணன் வயது இருக்கும். சேர்ந்ததென்னவோ சமீபத்தில்தான். அதற்குள் மற்றவர்கள் எல்லோருமாகக் கேட்டதைவிட அதிகமாகக் கேள்வி கேட்டுவிட்டார்.

அன்றும் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார்.

“மேடம், தொட்டியில எப்ப உயிர் வரும்?”

“உக்காருங்க சார்.”

“உக்கார்றேன். எப்ப வரும்?”

“என்ன அவசரம்?”

தில்லைநாயகம் உட்கார்ந்தார். அவசரம் என்னவென்று சொன்னார்.

அவசரத்தின் பெயர் சேந்தன். ஒரே மகன். பெங்களூரில் வேலையில் இருந்தவன் ஒருநாள் ஆபீசிலேயே உடம்பெல்லாம் நடுங்கி உட்கார்ந்துவிட்டான். நண்பர்கள் ரயிலேற்றி விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிட வருவான், குளிக்க வருவான், அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று தில்லைநாயகம் கேட்டதற்கு அவரும் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் தட்டோடு டிவி முன்னால் நின்ற சேந்தன், திரையில் ஓடிய பவளப்பாறையைப் பார்த்து, “இது நல்லா இருக்குல்ல” என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனாக வாய் திறந்து சொன்ன ஒரே வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் அப்பா ஹாலில் நாலடித் தொட்டி இறக்கிவிட்டார்.

“அவன் வெளிய வந்து பாக்கணும் மேடம். அவன் பாக்கறதுக்குள்ள அது ரெடியாகணும்.”

மெஹருன்னிசா துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “வாங்க, உங்க வீட்டுக்குப் போய்ப் பாப்போம்.”

மேடம் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஊரெல்லாம் தொட்டிக்குள் பாறை வைப்பார்கள். டைல்ஸ்காரன் வீட்டில் டைல்ஸ்தான் இருக்க வேண்டும் என்று தில்லைநாயகத்துக்கு ஒரு வீம்பு. கடையில் உடைந்துபோன துண்டுகளை எல்லாம் கொண்டுவந்து அடுக்கி, குகையும் மேடுமாகக் கட்டியிருந்தார். பாதி வாஷ்பேசின் ஒன்று மலைச்சரிவாகச் சாய்ந்து நின்றது. எல்லாம் வெள்ளையும் நீலமுமாக மின்னியது.

“நடுவீட்ல பாத்ரூம் கட்டியிருக்கார்” என்றார் அவர் மனைவி செண்பகம், டீ டம்ளரை வைத்தபடி.

மெஹருன்னிசா வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். ஒரு துண்டை எடுத்தார். பளபளப்பு சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். வரிவரியாக, செங்கல் நிறத்தில், கம்பெனி முத்திரையோடு அதன் முதுகு வெளியே தெரிந்தது. அடுத்த துண்டையும் அப்படியே திருப்பினார்.

“மேடம், அது பின்பக்கம்.”

“தெரியும் சார்.”

“அது சிமென்ட்டுக்குள்ள போற பக்கம். அதை யாரும் வெளிய காட்ட மாட்டாங்க.”

“சிமென்ட் ஏன் அந்தப் பக்கம் பிடிக்குது?”

“முன்பக்கம் வழுக்கும். சொரசொரப்பு பின்னாடிதானே இருக்கு.”

மேடம் அடுத்த துண்டைத் திருப்பினார்.

எல்லாவற்றையும் திருப்பி முடித்தபிறகு, கூடக் கொண்டுவந்த டப்பாவிலிருந்து கைப்பிடி அளவு கல் ஒன்றை எடுத்து ஒரு மூலையில் வைத்தார். அவர் தொட்டியில் பல வருஷம் கிடந்த கடல் கல். ஓட்டை ஓட்டையாக, அங்கங்கே ஊதாத் திட்டுகளோடு இருந்தது.

“இதுல குடியிருக்கறவங்க மெதுவா மத்ததுக்குப் போவாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“ஒண்ணுமே பண்ணாம எப்படி மேடம் இருக்கறது?”

“டீ ஆறிப்போச்சு” என்றார் மெஹருன்னிசா. செண்பகம் வேறு டீ போடப் போனார்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது தில்லைநாயகத்தின் ஜாதகத்திலேயே இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் மகனின் கதவைப் பார்ப்பார், அடுத்து தொட்டியைப் பார்ப்பார். கடைக்குப் போன பிறகும் அதே கதைதான். வாடிக்கையாளருக்கு மேட் ஃபினிஷ் டைல்ஸ் காட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு போன் போட்டு, “வெளிய வந்தானா?” என்பார். “சாப்பிட வந்தான்” என்பார் செண்பகம். அதற்கு மேல் அவரும் சொல்வதில்லை.

பிறகு தொட்டியில் பழுப்பு படர ஆரம்பித்தது. முதலில் தூசி மாதிரி, அப்புறம் பாசி மாதிரி. டைல்ஸ், கண்ணாடி, மணல் எல்லாவற்றிலும் டிகாஷன் கொட்டியதுபோல.

போனில் கூப்பிட்டார். “பிரவுனா வருது மேடம்.”

“வரட்டும்.”

“அழுக்கு மாதிரி இருக்கு.”

“எல்லாத் தொட்டியிலயும் வரும் சார். தானா போயிடும்.”

“எப்ப?”

“யாரோ காலிங் பெல் அடிக்கறாங்க” என்று மேடம் வைத்துவிட்டார்.

தில்லைநாயகத்துக்குத் தூக்கம் போயிற்று. வாழ்நாளெல்லாம் பளபளப்பு விற்ற மனுஷன். தன் வீட்டு ஹாலில் இப்படி ஒரு சாக்கடை நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதைவிட, மகன் இதைப் பார்த்து என்ன நினைப்பான்? இந்த வீட்டில் எதுவுமே தேறாது என்றல்லவா நினைப்பான்? அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சேந்தன் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தொழிலில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். புதுத் தரையில் சிமென்ட் கறை இருந்தால் ஆசிட் போட்டுக் கழுவுவார்கள். துண்டுகளை எல்லாம் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஆசிட் ஊற்றித் தேய்த்தார். மேடம் கொடுத்த கல்லிலும் ஊற்றினார். அது மட்டும் புசுபுசுவென்று நுரைத்தது. எவ்வளவு அழுக்கு பார் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு எல்லாவற்றையும் மேலோட்டமாக அலசி, தொட்டியைக் கழுவி, புது உப்புத் தண்ணீர் நிரப்பி, பளபளப்பு வெளியே தெரியும்படி பழையபடி அடுக்கி வைத்தார். தொட்டி கடை ஷோகேஸ் மாதிரி ஆகிவிட்டது. பல நாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மத்தியானம் சேந்தன் வந்தான். தட்டைக்கூட எடுக்காமல் நேராகத் தொட்டியிடம் போய், அந்த மூலையில் குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

“பளிச்சுனு இருக்காப்பா?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

சேந்தன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அறைக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

இதுவரை சாத்தித்தான் வைத்திருந்தான், தாழ்ப்பாள் போட்டதில்லை. ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. செண்பகம் கதவில் காதை வைத்துக் கூப்பிட்டபோது, “பசிக்கலம்மா” என்று ஒரு குரல் வந்தது. டாக்டருக்கு போன் செய்தார்கள். குரல் கொடுக்கிறானா என்று கேட்டார். அது நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் நானே வருகிறேன் என்றார். தில்லைநாயகம் அன்று கடையைத் திறக்கவில்லை.

“நான் என்ன பண்ணிட்டேன் செண்பகம்? சுத்தம்தானே பண்ணேன்?”

செண்பகம் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க கடைக்குப் போனப்புறம் அவன் தினமும் வந்து தொட்டிகிட்ட உக்காருவான்.”

“என்கிட்ட சொல்லலையே நீ?”

“சொன்னா நீங்க பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்து, எப்படிப்பா இருக்கு, எப்படிப்பா இருக்குன்னு கேப்பீங்க.”

தில்லைநாயகம் தொட்டியின் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தக் கல்லுல நகத்தளவுக்கு ஒரு நட்சத்திர மீன் இருந்துச்சு. அதுக்கு ஒரு கால் குட்டை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். உடைஞ்ச கால் திரும்ப வளந்துட்டு வருதும்மான்னு சொன்னான்.” செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மொட்டைமாடியில் நுரைத்தது எது என்று தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

மேடத்தின் மூன்று மாடியும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். மெஹருன்னிசா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இன்னொரு கல்லு குடுங்க மேடம். அதே மாதிரி கல்லா பாத்து. நட்சத்திர மீனோட. அவன் கதவைத் திறக்கறதுக்குள்ள வச்சிடறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது.”

“குட்டைக் காலோட வேணுமா?”

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

மெஹருன்னிசா தன் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தார். மூடி போட்ட பக்கெட்டில் தன் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, கல்லை அதில் இறக்கினார்.

“நட்சத்திரம் இதுலயும் இருக்கு. வேற நட்சத்திரம்.”

“ரொம்ப நன்றி மேடம். தொட்டியில எங்க வைக்கணும்?”

“எனக்குத் தெரியாது.”

“மேடம், விளையாடாதீங்க.”

“தினமும் உக்காந்து பாத்தது நானா சார்? உங்க தொட்டியைத் தெரிஞ்சவர் உங்க வீட்லதான் இருக்கார். அவரைக் கேளுங்க.”

“அவனுக்கு உடம்பு சரியில்லை மேடம். அவன்கிட்ட போய் நான் எப்படி...”

“உடம்பு சரியில்லாதவங்கள எதுவும் கேக்கக் கூடாதா?”

“கதவே திறக்கலேன்னா? இது பக்கெட்ல எவ்வளவு நேரம் தாங்கும்?”

“ரொம்ப நேரம் தாங்காது. காத்து வேணும் அதுக்கு. தண்ணிய கையால அளைஞ்சுக்கிட்டே இருங்க.”

பக்கெட்டைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மகனின் கதவருகே வைத்து உட்கார்ந்தார். செண்பகம் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். தில்லைநாயகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீரை அளையத் தொடங்கினார்.

“சேந்தா, அப்பா ஒண்ணு கொண்டு வந்திருக்கேன் பாரு...” என்று எப்போதும் பேசுகிற உற்சாகக் குரலில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

திரும்ப ஆரம்பித்தார்.

“ஆசிட் ஊத்தினது நான்தான்ப்பா. அழுக்குன்னு நெனச்சேன். அது நுரைச்சப்பகூட எனக்குத் தெரியல.”

உள்ளே ஃபேன் மட்டும் ஓடியது.

“அந்த நட்சத்திரம் செத்துப்போச்சு. மேடம் வேற கல்லு குடுத்திருக்காங்க. எங்க வைக்கறதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. உன்னைக் கேக்கச் சொல்றாங்க.”

கதவு அப்படியே இருந்தது. எழுந்துபோய்க் கல்லைத் தொட்டியில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. இங்கேயே இருந்து இது கையிலேயே செத்துப்போனால்? கதவை உடைத்துவிடலாமா என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவர் உயிரை எடுத்தது. பக்கெட்டுக்குள் கை வேகமாக அளைந்தது. தண்ணீர் சளக்சளக்கென்றது.

“எனக்கு பயமா இருக்கு சேந்தா” என்றார்.

அப்படி ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து செண்பகமே கேட்டதில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது.

“கல்லைத் தொட்டியில வச்சிட்டீங்களா?”

“இல்லப்பா. பக்கெட்லதான் இருக்கு.”

“வைக்காதீங்க. அந்தத் தண்ணில இன்னும் ஆசிட் இருக்கும். உடனே செத்துடும்.”

“அப்ப நான் என்னப்பா பண்ணட்டும்?”

“அளைஞ்சுக்கிட்டே இருங்கப்பா. வர்றேன்.”